திரும்பி வந்த லோடு

அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. காகிதத்தில் இல்லை, காகிதத்தில் இருந்திருந்தால் எவனாவது கிழித்துப் போட்டிருப்பான். தாத்தா வாயால் சொல்லிவிட்டுச் செத்துப்போனதால் அது அப்படியே நின்றுவிட்டது. சந்தைக்குப் போன லோடு வேண்டாம் என்று திரும்பி வந்தால், அது யாரால் கெட்டதோ அந்த ஆள் ஒண்டியாக வண்டியில் ஏறி, கடைசிப் பெட்டி வரைக்கும் தன் கையால் இறக்கி அழுகல் குழியில் கொட்ட வேண்டும். வேறு ஒருத்தர் ஒரு பெட்டியைத் தொட்டால்கூடக் குற்றம் அவர் தலைக்கு மாறிவிடும். இறக்கி முடித்ததும், அந்த ஆள் அதுவரைக்கும் பார்த்துவந்த வேலையை விட்டு விலகிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அவருக்கு வீட்டில் சோறு உண்டு, பேச்சு கிடையாது. திரும்பிய லோடு இறங்கும் வரைக்கும் புது லோடு ஒன்றும் வெளியே போகவும் கூடாது.

தாத்தா இதை முதலில் தன் கூடப்பிறந்த தம்பிக்கே செய்தார். வெங்காய லோடு முளைவிட்டுத் திரும்பியது. தம்பி இறக்கினார். பிறகு முப்பது வருஷம் களை பிடுங்கினார். சந்தைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. செத்த அன்றைக்குக் குளிப்பாட்டியபோதும் அவர் நகக்கண்ணில் இருந்த மண் போகவில்லை. தாத்தா அதைப் பார்த்து, "பாவம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கே, கிழவருக்கு மனசு இளகிவிட்டது என்று வேலையாட்கள் ஒரு வாரம் பேசிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட வம்சம்.

அந்த வம்சத்தில் மூன்றாவது தலைமுறைக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். கொட்டகைக்காரி என்றுதான் அவளைச் சொல்வார்கள். பெற்றோர் வைத்த பேர் ஏதோ ஒன்று இருந்திருக்கும். அதைக் கூப்பிட ஆளில்லாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

தாத்தா கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாக விற்று, மாட்டுவண்டி வரைக்கும் வந்தவர். அவருடைய மகன், இவளுடைய அப்பா, எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடும் அந்த மனுஷன், நிலத்தை நாலு மடங்காக்கினார், லாரி வாங்கினார், குளிர் அறை கட்டினார். பின்னால் நிலம், நடுவில் கொட்டகை, முன்னால் லாரி நிற்கும் முற்றம். வெள்ளரி, முட்டைக்கோஸ், பீன்ஸ், மறுபடி வெள்ளரி. வீட்டுக்குப் பின்னால் ஆறு ஆப்பிள் மரங்களும் நின்றன. அவை விற்கிறதற்கில்லை, வீட்டுக்கு. நிலத்தில் விளைந்தது எதுவானாலும் கொட்டகை வழியாகத்தான் லாரிக்குப் போக வேண்டும். தகரக் கூரை, ரப்பர் விரித்த நீண்ட மேஜை, இரண்டு பக்கமும் நாலு நாலு பெண்கள். கடைசியில் கையகலத் தடிமனில் கதவு வைத்த குளிர் அறை. அந்த அறைச் சுவரை ஒட்டி, கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத ஓர் அறை. அதுதான் இவள் வீடு. குளிர் மோட்டார் ஓடும்போது அவள் தலையணையும் சேர்ந்து அதிரும். மோட்டார் நின்றால்தான் அவளுக்குத் தூக்கம் கலையும்.

அவள் அங்கே வந்த கதையைக் கேட்டால் வயிறு எரியும். இருபத்துநாலு வயதில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவர், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊர். வாய் பேசாத நல்ல மனுஷன். இரண்டு வருஷம் அங்கே குடித்தனம் நடத்தினாள். ஒருநாள் பெரியவர் நேரிலேயே போய் நின்றார்.

"மாப்பிள்ளை, வெள்ளரி கொழுத்துக் கிடக்கு. இவ அம்மாவுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ஒரே மாசம் அனுப்பி வைங்க. கொண்டுவந்து நானே விட்டுட்டுப் போறேன்."

மாப்பிள்ளை தலையாட்டினார். இவளும் இரண்டே இரண்டு புடவையோடு கிளம்பி வந்தாள். வெள்ளரி முடிந்தது. முட்டைக்கோஸ் வந்துவிட்டது. "இதையும் பார்த்துக் கொடுத்துட்டுப் போ, இவ்வளவு நாள் இருந்துட்ட" என்றார் பெரியவர். முட்டைக்கோஸ் முடிந்தால் பீன்ஸ். காய்கறிக்கு முடிவு என்று ஒன்று எப்போது வந்தது? மாப்பிள்ளை இரண்டு தடவை வந்தார். இரண்டாம் தடவை கொட்டகையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். இவள் கை முட்டைக்கோஸில் இருந்தது. நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. பெரியவர் ஒரு மூட்டை முட்டைக்கோஸைக் கட்டி அவர் தோளில் ஏற்றி, பஸ் வரைக்கும் கூடவே போய் அனுப்பிவிட்டு வந்தார். அதற்கப்புறம் அந்த மனுஷன் வரவில்லை. நாலாம் வருஷம் டிரைவர் செய்தி கொண்டுவந்தார்: அவர் வேறொருத்தியைக் கூட்டிவந்துவிட்டார், கையில் ஒரு குழந்தையும் இருக்கிறது. அன்றைக்கும் இந்தக் கொட்டகையிலிருந்து எண்பது பெட்டி போனது. பெட்டிகளை எண்ணி அனுப்பியவள் அவள்தான்.

இந்தச் சேதி தெரிந்த மண்டிக்காரர், அதாவது நகரத்துச் சந்தையில் இவர்கள் சரக்கை வாங்கி விற்றுக் கொடுப்பவர், ஒருநாள் கொட்டகைக்கே வந்து அவளிடம் நேராகக் கேட்டார்.

"என் மண்டிக்கு வந்துடும்மா. உன் கைக்கு நான் தனி இடமே ஒதுக்கித் தர்றேன். இங்க உனக்கு என்ன இருக்கு?"

பெரியவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. இந்தக் கை போனால் கொட்டகை போச்சு என்று அவருக்குத் தெரியும். எட்டுப் பெண்கள், டிரைவர், மண்டிக்காரர் எல்லோரும் நிற்கும்போது மேஜைமேல் கையை வைத்துச் சொன்னார்: "இந்தக் கொட்டகை இவளுக்கு. இவ அனுப்பின லோடு திரும்பி வர்ற நாள் வரைக்கும் இவளை இங்கிருந்து எவனும் எழுப்ப முடியாது. நான் உட்பட."

பெரியவர் வாக்கு மாறமாட்டார் என்பது சந்தை முழுக்கத் தெரிந்த சங்கதி. அதை அவர் நெற்றியில் ஒட்டிக்கொண்டுதான் திரிவார். எத்தனையோ பேர் வயிற்றில் அடித்திருக்கிறார்; ஆனால் நாலு பேர் எதிரில் வாயால் ஒன்று சொல்லி மாற்றியதில்லை, பொய் சொன்னதும் இல்லை. மாப்பிள்ளையிடம் சொன்ன அந்த ஒரு மாசம் வீட்டுக்குள் நடந்த பேச்சு, அது கணக்கில் வராது. அதனால் அவள் அந்த வார்த்தையை நம்பினாள். புருஷன் போனதற்கு ஒரு கொட்டகை. அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருஷம். ஒரு லோடு திரும்பவில்லை.

அது சும்மா வரவில்லை. அவள் நல்லவள் என்று சொல்லிக் கதையை இனிப்பாக்க வேண்டியதில்லை. காலையில் எட்டுப் பெண்களும் வரிசையில் நின்று நகத்தைக் காட்ட வேண்டும். நகம் ஓர் இழை நீண்டிருந்தால் புறங்கையில் ஓர் அடி. வெள்ளரியில் நகக்கீறல் விழுந்தால் இரண்டாம் நாள் அந்த இடம் அழுகும் என்பாள். ஒரு பெண்ணுக்குக் காய்ச்சலில் கை நடுங்கியது. "நடுங்குற கைக்கு இங்க வேலை இல்ல" என்று அந்தப் பருவம் முழுக்க அவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டாள். அந்த வீட்டில் அடுப்பெரிந்ததா என்று கேட்கவில்லை. நேரான காய் ஒரு பெட்டி, வளைந்தது ஒரு பெட்டி, மற்றது குழி. பெட்டி நிறைந்ததும் மேலே ஒரு வெள்ளைத் தாளை மடித்து நாலு பக்கமும் செருகுவாள். தாள் போட்ட பெட்டியை அதற்கப்புறம் யாரும் திறந்து பார்க்கக் கூடாது. அவளும் பார்க்கமாட்டாள். அதுதான் அவள் கர்வம்.

"அக்கா தாள் போட்டா அது தாலி கட்டின மாதிரி, அவிழ்க்கக் கூடாது" என்று பெண்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

இதற்குள் அவள் தம்பி பெரிய ஆளாகிவிட்டான். அவளுக்குப் பத்து வருஷம் இளையவன், நிலம் முழுக்க அவன் கையில். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அவன் பெண்டாட்டி துணிக்கடை வீட்டுப் பெண். வந்து பதினைந்து வருஷமாகியும் முட்டைக்கோஸுக்கும் பூக்கோஸுக்கும் வித்தியாசம் கேட்கிறவள். வாய் மட்டும் நல்ல நீளம். கொட்டகையை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்ட வேண்டும், பெரிய குளிர் அறை வைக்க வேண்டும், அக்காவின் அறை இருக்கும் இடத்தில் மேஜை நாற்காலி போட்டு ஆபீஸ் வர வேண்டும் என்று இருவரும் சாப்பாட்டு மேஜையில் பேசுவார்கள். அவள் இருக்கும்போதேதான்.

"அக்காவுக்கென்ன, மாடியில ஒரு ரூம் இருக்கே, பழைய சாமானெல்லாம் போட்டு வெச்சிருக்கோமே, அதுல இருந்துக்கட்டும்" என்பாள் தம்பி பெண்டாட்டி.

"சாமானை எங்க வைப்ப?" என்பாள் கொட்டகைக்காரி, சோற்றிலிருந்து கண்ணெடுக்காமல்.

"சாமானும் இருக்கும்க்கா. உங்களுக்குத் துணைக்கு."

தம்பி சிரிப்பான். பெரியவர் சிரிக்கமாட்டார், தடுக்கவும் மாட்டார். மென்றுகொண்டே இருப்பார்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதான அந்த வருஷம் நகரத்தில் ஒரு பெரிய கடை திறந்தார்கள். ஒரே நாளில் நூற்று அறுபது பெட்டி வெள்ளரி வேண்டும் என்று மண்டிக்காரர் வழியாகக் கேட்டு அனுப்பினார்கள். அவள் பழக்கம், அன்றன்றைக்குப் பறித்ததை அன்றன்றைக்கே அனுப்புவது. அன்றைக்கென்னவோ பெரியவரே கொட்டகைக்கு வந்தார்.

"நாலு நாள் சேர்த்து வெச்சு ஒரே லோடா அனுப்பிடு. குளிர் அறை எதுக்கு இருக்கு?"

"நாலு நாள் தாங்குமாப்பா?"

"பத்து நாள் தாங்கும். எனக்கே பாடம் சொல்றியா?"

தாங்கும்தான். அது அவளுக்கும் தெரியும். பறித்தாள், துடைத்தாள், தாள் போட்டாள், அடுக்கினாள். நாலாம் நாள் மாலை அறை நிரம்பிவிட்டது. மறுநாள் விடிந்ததும் லாரி கிளம்பியது. அவள் மேஜையைக் கழுவிவிட்டு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, பகலில் கொஞ்சம் காலை நீட்டிப் படுத்தாள்.

மத்தியானம் லாரி முற்றத்தில் வந்து நின்றது. டிரைவர் இறங்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன டிரைவர், அதுக்குள்ள வந்துட்டீங்க? பெட்டியெல்லாம் எங்க?"

"பின்னாடிதான்க்கா இருக்கு."

"காலியா?"

அவளே பின்னால் போய் ஏறி, முதல் பெட்டியின் தாளை எடுத்தாள். பச்சை. அடுத்ததும் பச்சை, அது கடைசி நாள் பறித்தது. மூன்றாவது அடுக்கிலிருந்து மஞ்சள். விரலால் தொட்டால் பள்ளம் விழுகிற மஞ்சள். விதைக்கு விட்ட காய் மாதிரி, நூறு பெட்டிக்கு மேல். பெரிய கடையில் சரக்குப் பார்க்கும் ஆள் ஒரு காயை எடுத்துத் தரையில் போட்டுக் காலால் தேய்த்துக் காட்டினானாம். மண்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம்.

அவளுக்குப் பேயறைந்தது போலிருந்தது. ஆனால் புத்தி தன் வேலையைச் செய்தது. வெள்ளரி குளிர் மிஞ்சினால் வாடும், குளிர் குறைந்தால் சுருங்கும். நாலு நாளில் மஞ்சளாவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. பழம். பழுத்த பழம் மூச்சு விடும், அந்த மூச்சு பட்டால் பச்சைக் காய் கிழடு தட்டிவிடும் என்று தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் வீட்டு ஆப்பிள் ஒன்றுகூடக் கொட்டகை வாசலைத் தாண்டாது.

நேராகக் குளிர் அறைக்குள் போனாள். பின்சுவரை ஒட்டிக் காலிப் பெட்டிகளின் அடுக்கு ஒன்று. அதை நகர்த்தினாள். ஒரு பெட்டி நிறைய ஆப்பிள். நன்றாகப் பழுத்தது. ஒவ்வொன்றின் கன்னத்திலும் கட்டை விரலால் அழுத்திய பள்ளம். அடிபட்ட பழம் இன்னும் அதிகமாக மூச்சு விடும்.

தம்பி பெண்டாட்டிதான் என்று நினைத்தாள். அந்த எண்ணம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஏனென்றால் அந்த ஆப்பிள்கள் அடுக்கியிருந்த விதம். கீழே வைக்கோல். காம்பு கீழ்நோக்கி. ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் தாள் சுருள். அப்படி அடுக்க உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். தாத்தா பெரியவருக்குச் சொல்லிக்கொடுத்தார். பெரியவர் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். தம்பிக்கு அதற்கெல்லாம் பொறுமை இருந்ததில்லை. மகளைக் கவிழ்க்க வந்த கைக்குக்கூட ஒரு பழத்தைத் தாறுமாறாக வைக்க வரவில்லை.

அது மட்டும் இல்லை. இந்தப் பெட்டியை வெளியே தூக்கிவந்து காட்டினால் யார் மாட்டிக்கொள்வார்கள்? "நீங்களே மறந்து வெச்சிட்டீங்கக்கா, வயசாச்சுல்ல" என்பார்கள். குளிர் அறைச் சாவி அவள் இடுப்பில். இன்னொன்று பெரியவர் அலமாரியில் இருக்கிறது என்பதை எல்லோரும் மறந்து பல வருஷம் ஆகிவிட்டது.

ஓர் ஆப்பிளை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, பீன்ஸ் கொடி கட்டும் கயிற்றை ஒரே அளவாக வெட்டிக்கொண்டிருந்தார். எழுபத்தொன்பது வயது, கை நடுங்கவில்லை. அவள் ஆப்பிளை அவர் மடியில் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். கயிற்றை ஓரமாக வைத்தார்.

"உக்காரு" என்றார்.

"நிக்கிறேன். நீங்களாப்பா?"

"ஆமா."

கேட்டதற்குப் பதில். பொய் சொல்லாத மனுஷனாயிற்றே.

"ஏன்?"

"உன் தம்பிக்கு ரெண்டு பசங்க. அவனுக்குக் கொட்டகை வேணும், இடிச்சுக் கட்டணும். உனக்கு யாரு இருக்கா? உனக்கப்புறம் இதை யாருகிட்டக் கொடுப்ப?"

"எனக்கும் இருந்திருக்கும். ஒரு மாசம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க."

"அந்த வருஷம் நல்ல விளைச்சல்" என்றார் பெரியவர். யோசித்துப் பார்த்துச் சொல்வது போலத்தான் சொன்னார். "ஆளும் இல்ல."

அவள் வெட்டிய கயிறுகளைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"நேரா கேட்டிருக்கலாமேப்பா. கொட்டகையை விட்டுக் கொடுன்னு வாயால ஒரு வார்த்தை."

"கேட்டா நீ கொடுத்திருக்கமாட்ட. நானா எடுத்தா வாக்கு மாறினவன்னு மண்டியில பேசுவான். இப்ப யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல முடியாது. லோடு திரும்பிச்சு. போய் இறக்கு. மெதுவா இறக்கு, அவசரமில்ல. மாடி ரூமை அவ இன்னைக்கே பெருக்கி வெச்சுடுவா."

அப்பன் மகளுக்குச் சொல்கிற பேச்சு.

அவள் வெளியே வந்தாள். முற்றத்தில் எட்டுப் பெண்களும் நின்றார்கள். தம்பி நிலத்திலிருந்து வந்திருந்தான். அவன் பெண்டாட்டி இடுப்பில் கை வைத்து நின்றாள். எல்லோரும் சட்டம் தெரிந்தவர்கள். இவள் லாரியில் ஏறப் போகிறாள் என்று வழிவிட்டார்கள். அவள் குளிர் அறைக்குள் போய் ஆப்பிள் பெட்டியைத் தூக்கிவந்து கொட்டகை வாசலில் எல்லோரும் பார்க்க வைத்தாள். பக்கத்தில் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்த லோடை நான் கெடுக்கல. கெடுத்தவங்க இறக்கட்டும்."

அவள் நினைத்தபடியே ஒருத்தி முணுமுணுத்தாள்: "அக்கா அடுக்கினது மாதிரியேதான இருக்கு."

"அதான!" என்றாள் தம்பி பெண்டாட்டி. "அக்கா, மறதி எல்லாருக்கும் வர்றதுதான். இதுல என்ன வெட்கம்? ஏறி இறக்கிட்டு மேல வாங்க, சூடா டீ போட்டு வைக்கிறேன்."

"நீயே குடி."

அன்று பொழுது சாயும் வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. லாரி அப்படியே நின்றது. மறுநாளும் நின்றது. வெயிலில் தார்ப்பாய்க்குக் கீழே வெள்ளரி வெந்து, பெட்டி இடுக்கில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. ஈ மொய்த்தது. நாற்றம் சாப்பாட்டு மேஜை வரைக்கும் வந்தது. அதைவிடப் பெரிய சங்கடம் நிலத்தில். வெள்ளரியை ஒருநாள் பறிக்காமல் விட்டால் மறுநாள் முழங்கை நீளம் ஆகிவிடும். இரண்டு நாள் விட்டால் விதை முற்றி, கொடியும் காய்ப்பதை நிறுத்திவிடும். பறித்தாலோ, இந்த லோடு இறங்காமல் அது எங்கே போகும்? தம்பி கொடிக்கும் லாரிக்கும் நடந்து நடந்து கால் தேய்ந்தான்.

"அக்கா, உன் கால்ல விழுறேன், இறக்கிடுக்கா."

"விழு. ஆனா இறக்கமாட்டேன்."

"சரி, நானே ஏறுறேன்" என்று அவன் லாரிப் பின்கதவில் கால் வைத்தான். பெண்டாட்டி ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பொத்தான் தெறித்தது.

"ஐயோ இறங்குங்க! நீங்க தொட்டா நம்ம தலையில விழும். அப்புறம் நிலமும் போச்சு, கொட்டகையும் போச்சு, நீங்க களை பிடுங்க வேண்டியதுதான்!"

அன்று மத்தியானம் மண்டிக்காரர் வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, கம்பு ஊன்றிக்கொண்டு நாற்றத்துக்குத் துண்டால் மூக்கை மூடியபடி, "என்ன பெரியவரே, உங்க வீட்லயா இப்படி?" என்றார். பெரியவர் வாசலுக்கு வந்து நின்றார்.

கொட்டகைக்காரி உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள். குரல் உயரவில்லை.

"அப்பா, அவர் எதிர்ல கேக்குறேன். இந்தப் பழத்தைக் குளிர் அறையில வெச்சது நான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே ஏறி நூத்தி அறுபது பெட்டியும் இறக்கி, மாடிக்குப் போய்டுறேன். ஒரே ஒரு வார்த்தை."

பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. மண்டிக்காரர் அவரைப் பார்த்தார். டிரைவர் பார்த்தார். எட்டுப் பெண்களும் பார்த்தார்கள். 'இவள்தான்' என்று சொன்னால் காரியம் முடிந்தது. அந்த வார்த்தை அவர் தொண்டை வரைக்கும் வந்தது. எல்லோரும் அது வருவதைக் கண்டார்கள். வாயைத் திறந்தார், மூடினார். அவ்வளவு அக்கிரமம் செய்ய முடிந்த மனுஷனுக்கு அந்த ஒரு பொய் சொல்ல வரவில்லை. திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

"அப்ப சரி" என்றார் மண்டிக்காரர். கம்பை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பினார்.

அதற்கப்புறம் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தம்பிக்கும் புரிந்துவிட்டது, யாருக்காக அப்பா இதைச் செய்தார் என்று. ஆனால் அவன் கண்ணில் நின்றதெல்லாம் கொடியில் பழுத்துத் தொங்குகிற காய்தான். மூன்றாம் நாள் காலை அவன் அப்பாவின் அறைக்குள் போனான்.

"அப்பா, எழுந்திருங்க. ஏறி இறக்குங்க."

"உனக்காகத்தான்டா செஞ்சேன்."

"நான் கேட்டேனா? கொடி முழுக்க முத்திப்போச்சு. இனியும் விட்டா இந்த வருஷமே போச்சு. எழுந்திருங்க."

"எனக்கு எம்பதாகப் போகுதுடா."

"அதுக்கு நான் என்ன பண்றது? தாத்தா சட்டத்துல வயசு கணக்கு இருக்கா?"

கையைப் பிடித்துத் தூக்கி நடத்திக்கொண்டு வந்தான். லாரிக்குப் பின்னால் ஏற முடியாமல் பெரியவர் தடுமாறியபோது, தம்பி பெண்டாட்டி சமையலறையிலிருந்து ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டாள். "பார்த்து ஏறுங்க மாமா" என்றாள். அவள் அன்றைக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

அவர் இறக்கினார். ஒரு பெட்டியை விளிம்பு வரைக்கும் இழுப்பார். முக்காலியில் கால் வைத்து இறங்குவார். பெட்டியை வயிற்றோடு அணைத்துக் குழி வரைக்கும் போய்க் கொட்டுவார். மஞ்சள் தண்ணீர் வேட்டியெல்லாம் வழியும். திரும்பி வந்து மறுபடி ஏறுவார். முதல்நாள் நாற்பது பெட்டி. இரண்டாம் நாள் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. துணி சுற்றிக்கொண்டு இறக்கினார். அறுபதாவது பெட்டியில் மூச்சு வாங்க, லாரித் தரையிலேயே அழுகல் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். டிரைவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து ஓடினார்.

"டிரைவர்" என்றாள் கொட்டகைக்காரி. "முக்காலி மேல வைங்க. வேணும்னா அவர் இறங்கி வந்து குடிக்கட்டும்."

"அக்கா, தண்ணி தானக்கா…"

"முக்காலி மேல வைங்கன்னேன்."

பெரியவர் லாரியிலிருந்து அவளைப் பார்த்தார். "போதுமாம்மா?" என்றார். அம்மா என்று அவளைக் கூப்பிட்டு எத்தனை வருஷமாகியிருக்கும்.

"இன்னும் நூறு இருக்குப்பா."

நான்கு நாள் ஆயிற்று. அவளும் நான்கு நாளும் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து, கடைசிப் பெட்டி வரைக்கும் பார்த்தாள். ஒரு பெட்டியில் பாதிக் காய் இன்னும் பச்சையாக இருந்தது. பெரியவர் பழக்கத்தில் அதைப் பொறுக்கி ஓரமாக வைக்கப் போனார். "எல்லாம் குழிக்குத்தான்" என்றாள். கொட்டினார்.

கடைசிப் பெட்டி இறங்கியதும் அவள் எழுந்து இடுப்பை நிமிர்த்தி, ஆப்பிள் பெட்டியையும் தூக்கிக் குழியில் கவிழ்த்தாள். பிறகு எட்டுப் பெண்களையும் கூப்பிட்டு நகத்தைக் காட்டச் சொன்னாள். தம்பி முற்றிய காயைப் பறித்தெறிந்து காப்பாற்றியதில் பாதிக் கொடிதான் மிஞ்சியிருந்தது. அன்றைக்கு முப்பது பெட்டி போனது. மண்டிக்காரர் வாங்கிக்கொண்டார்.

பெரியவர் அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார். வீட்டில் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. எந்த நிலத்தில் என்ன போடுவது என்று வாயைத் திறந்தால், "நீங்க சாப்பிட்டு எழுந்திருங்க மாமா, தட்டைக் கழுவணும்" என்பாள் மருமகள். மகன் காதிலேயே வாங்கமாட்டான். பேரன்கள் அவரைத் தாண்டிப் போவார்கள். கொட்டகைக்கு வந்து நின்றால் பெண்கள் தலைகுனிந்து வேலை செய்வார்கள். அவர் மேஜையிலிருந்து ஒரு வெள்ளரியை எடுத்துத் தடவிப் பார்ப்பார். கொட்டகைக்காரி அதை அவர் கையிலிருந்து வாங்கிக் குழிப் பெட்டியில் போடுவாள். நல்ல காயானாலும் போடுவாள்.

ஒரு காலை, லாரி பாதி ஏறியிருந்தபோது, தம்பி ஓடிவந்து அப்பா மூச்சு நின்றுவிட்டது என்றான். பெண்கள் கையை எடுத்துவிட்டார்கள். அவள் எடுக்கவில்லை. "தாள் போடாத பெட்டி இன்னும் நாப்பது இருக்கு" என்றாள். நாற்பதுக்கும் தாள் போட்டு, லாரி முற்றத்தைத் தாண்டுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். ஜன்னலோரக் கட்டிலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். முகத்தைப் பார்த்தாள். போர்வை ஒரு பக்கம் விலகியிருந்தது. இழுத்துச் சரி செய்தாள். சுவரோரம் உட்கார்ந்தாள்.

தம்பி பெண்டாட்டி மூக்கைச் சிந்திக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பெத்த அப்பா போய்க் கிடக்கிறார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடக் கூடாதாக்கா?"

"லோடு போய்ச் சேர்ந்துச்சான்னு டிரைவர் இன்னும் போன் பண்ணல" என்றாள் அவள். "பண்ணட்டும்."